தேவநேசன் வைத்த வார்த்தைகள்

செப்டம்பர் 3, செவ்வாய்

காலை மாத்திரை கொடுத்தேன். கஞ்சி குடித்தார். வெளிக்குப் போகவில்லை.

இவ்வளவு எழுதினால் போதும் என்று மகள் ஷெரின் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். "தெனம் நடக்கத அப்படியே எழுதி வையுங்கம்மா, டாக்டர்ட்ட காட்டணும்" என்று இந்த டைரியைக் கையில் திணித்துவிட்டு நேற்று பெங்களூருக்கு ரயிலேறினாள். தையல் டீச்சராகவே காலம் தள்ளியவளுக்கு இத்தனை சுருக்கமாக நிறுத்த மனம் வருமா? ஒரு சாண் துணி மிச்சமிருந்தாலும் அதில் ஒரு சுருக்குப்பையாவது தைத்துவிட வேண்டும் எனக்கு. அதனால் என் இஷ்டத்துக்கு எழுதுவேன். டாக்டருக்கு வேண்டியதை அவர் பொறுக்கிக்கொள்ளட்டும்.

என் வீட்டுக்காரர் தேவநேசனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தாயிற்று. வலது கையும் வலது காலும் அசையவில்லை. வலது பக்கம் ஒரு பொருள் இருந்தால் அது இருப்பதே இவருக்குத் தெரிவதில்லை. பேச்சு அடியோடு போய்விட்டது. நாக்கில் கோளாறு இல்லையாம். மூளையில் வார்த்தைகள் இருக்கிற இடத்திலேயே ரத்தம் அடைத்துக்கொண்டதாம். நாம் பேசுவதும் அவருக்கு வெறும் சத்தமாகத்தான் கேட்கும் என்றார் டாக்டர்.

"என்னை அடையாளம் தெரியுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஜாடை வச்சுக்கூடக் கேட்டுப் பாத்தோம், பதில் இல்ல" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

கேஸ் தீர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் அடுப்பைத் தூசி தட்டி எடுத்தேன். என் பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டேன், நாளை சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

செப்டம்பர் 9, திங்கள்

இன்று நடந்ததை யாரிடம் சொன்னாலும் நம்புவார்களா தெரியாது.

முன்னறை அலமாரி முழுக்க இவருடைய ஸ்கிராபிள் சாமான்கள். சின்னக் கட்டைகளில் ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு. பலகையின் கட்டங்களில் வார்த்தை வார்த்தையாகக் கோத்து வைத்து மதிப்பைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மின்வாரியத்தில் வேலை பார்த்த நேரம் போக மீதி ஆயுளை இவர் அதில்தான் செலவழித்தார். சனிக்கிழமை என்றால் ஸ்கிராபிள் கழகம், ஆட்டம். மற்ற நாட்களில் பல் துலக்கும்போதுகூட ஏதோ எழுத்துகளை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். இந்த எழுத்தும் அந்த எழுத்தும் உள்ள வார்த்தை எத்தனை என்று தேடுவாராம். நான் ஒருநாளும் பக்கத்தில் போனதில்லை. "அந்தக் கட்டையக் கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

இனி இது எதற்கு, சர்ச்சில் நடக்கும் தோத்திரப் பண்டிகை விற்பனைக்குக் கொடுத்துவிடலாம் என்று எல்லாவற்றையும் இறக்கினேன். கட்டைப் பை கைநழுவி இவர் மடியில் கொட்டிவிட்டது. போர்வை முழுக்க எழுத்து. எரிச்சலோடு பொறுக்க ஆரம்பித்தேன்.

இவருடைய இடது கை எழுந்தது.

வந்த நாள் முதல் அந்தக் கை ஸ்பூனைக்கூடப் பிடிக்கவில்லை. ஸ்பூனைக் கொடுத்தால் அது என்னவென்று தெரியாமல் பார்ப்பார். அந்தக் கை கட்டைகள் மேல் மெதுவாகத் தடவிக்கொண்டு போயிற்று. ஒன்றை எடுத்தது. பக்கத்தில் இன்னொன்றை வைத்தது. நடுவில் ஒன்றைத் தள்ளிவிட்டு வேறொன்றைச் செருகியது. கண்ணில் கலக்கமே இல்லை. ஊசியில் நூல் கோக்கும்போது வருமே ஒரு கவனம், அந்தக் கவனம் அந்த முகத்தில் இருந்தது. ஏழு கட்டைகள் வரிசையாக நின்றன. கையை எடுத்துவிட்டார்.

தண்ணீர் என்று சொல்ல வராத மனிதர்!

ஈட்டேரியோ என்பது போல ஏதோ ஒரு வார்த்தை. அப்படி ஒன்று உண்டா என்று இவருடைய தடி அகராதியில் தேடினேன். இருக்கிறது! பல சிறு கனிகள் ஒன்றாகச் சேர்ந்து உண்டாகும் ஒரு பழ வகையாம். போனில் தேடிப் பார்த்தால் உதாரணத்துக்குப் போட்டிருக்கிறான், சீத்தாப்பழம்.

ஆண்டவரே, இவர் சீத்தாப்பழம் கேட்கிறார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மார்க்கெட்டுக்கு நானே போய் நல்ல கண் விரிந்த பழமாகப் பார்த்து வாங்கி வந்தேன். கொட்டையை எடுத்துவிட்டு விரலால் ஊட்டினேன். கஞ்சிக்கு வாயைத் திறக்க அரை மணி நேரம் கெஞ்ச வைப்பவர், இரண்டு பழத்தைத் தின்றுவிட்டு மூன்றாவதுக்கு வாயைத் திறக்கிறார்.

நான் அழவில்லை. பழத்தின் பால் கண்ணில் பட்டுவிட்டது.

செப்டம்பர் 13, வெள்ளி

தினம் காலையில் பையிலிருந்து ஒரு கை கட்டையை அள்ளித் தட்டில் வைக்கிறேன். இவர் வார்த்தை வைக்கிறார். அகராதியில் பார்த்து இவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்கிறேன்.

நேற்று 'தோத்தி' என்று வைத்தார். அகராதி வேட்டி என்றது. கைலியை அவிழ்த்துவிட்டு, பண்டிகைக்குக் கட்டுகிற பட்டுக்கரை வேட்டியைக் கட்டிவிட்டேன். சாயங்காலத்துக்குள் அதில் கஞ்சியும் மற்றதும். ஊற வைத்துத் துவைத்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. இன்று 'ஓட்'. ஓட்ஸ் வாங்கிக் காய்ச்சிக் கொடுத்தேன். என் மேலேயே துப்பிவிட்டார். உப்பு கூடிப்போயிருக்கும். கேட்டதைக்கூட ஒழுங்காகச் செய்து கொடுக்கத் தெரியவில்லை எனக்கு.

செப்டம்பர் 18, புதன்

டாக்டரிடம் இவரையும் கூட்டிப்போய்க் கட்டைகளைக் காட்டினேன். இவர் ஒரு வார்த்தை வைத்ததும் டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். அடுத்த அறையிலிருந்த இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். படித்த பிள்ளைகள் இரண்டு பேரும் கோயில் தேர் பார்ப்பது போல நின்றார்கள்.

"வார்த்தையோட உருவம் மட்டும் வேற எடத்துல பதிஞ்சு தப்பிச்சிருக்கலாம். ஏன் எப்படின்னு எங்களுக்கே முழுசாத் தெரியாதும்மா" என்றார்.

எத்தனை அறை உள்ள வீடு மனுஷனின் தலை! எல்லாவற்றையும் பூட்டிவிட்டு இந்த ஒன்றை மட்டும் திறந்து வைத்தவருக்குத் தோத்திரம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்தபோது வாசலில் ஃபரீதா நின்றாள். மேலப்பாளையத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறாள். கழகத்தில் இவருக்கு அடுத்தபடி அவள்தானாம். கட்டை வைக்கிறார் என்று நான் போனில் சொன்னதும் ஓடி வந்திருக்கிறாள்.

"சார், நல்லா இருக்கியளா?" என்று கேட்டாள். இவர் அவளைப் பார்க்கவே இல்லை.

கழகத்தில் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு பழக்கம் உண்டாம். ஒருவர் இரண்டு மூன்று எழுத்தைச் சொல்ல வேண்டும். அத்தனையும் அடங்கிய வார்த்தையை மற்றவர்கள் சொல்ல வேண்டும். "இதுல சார முந்த ஆளே கெடையாதுக்கா" என்று சொல்லி, க்யூ, எக்ஸ் இரண்டையும் தனியாக எடுத்து இவர் முன்னால் வைத்தாள். மற்ற கட்டைகளைப் பக்கத்தில் பரப்பினாள்.

நான் காபி போட எழுந்திருக்கவில்லை, அதற்குள் ஈ, க்யூ, யூ, ஐ, என், ஓ, எக்ஸ் என்று வரிசையாக வைத்துவிட்டார். ஃபரீதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் போன பிறகு அகராதியைப் பார்த்தேன். ஈக்வினாக்ஸ். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள். வருஷத்தில் இரண்டு தடவை வருமாம். எந்தத் தேதி என்று போனில் தேடினேன். செப்டம்பர் 22.

இன்றைக்கு!

காலண்டரைக் காட்டினால் வெறித்துப் பார்க்கிறவருக்கு இன்று என்ன நாள் என்று தெரிந்திருக்கிறது. கட்டில் பக்கத்தில் முழங்காலில் நின்றுவிட்டேன். என்ன ஜெபித்தேன் என்று ஞாபகமில்லை.

செப்டம்பர் 28, சனி

ஷெரின் போன் செய்தாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல இல்லம் இருக்கிறதாம். நர்சுகள் முழு நேரமும் இருப்பார்களாம். அப்பா அங்கே, நான் அவளோடு. சாயங்காலம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

"உங்கப்பா என்னையத் தேடுவாக ஷெரின்."

"ம்மா, அப்பாவுக்கு உங்களையும் தெரியல்ல, என்னையும் தெரியல்ல. தெரிஞ்சா நானே சொல்லுவனா? நீங்கதான் கெடந்து அல்லாடுதிய. நேத்து தலை சுத்தி விழப் பாத்தியன்னு பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னாவ."

பக்கத்து வீட்டுக்காரிக்கு வேறு வேலை இல்லை.

ஆனாலும் அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் யார் என்றே இவருக்குத் தெரியாவிட்டால், கழுவி விடுவது நானாக இருந்தாலென்ன, ஒரு நர்சாக இருந்தாலென்ன? தெரியும் என்றால், எந்த இல்லத்துக்கும் இவரை அனுப்ப மாட்டேன். இதுதான் என் கணக்கு. இவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். சீத்தாப்பழம் கேட்டவர்தானே.

செப்டம்பர் 30, திங்கள்

இல்லத்து விஷயத்தை இவரிடமே சொன்னேன். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். "என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்று தட்டில் கட்டைகளை அள்ளி வைத்தேன்.

'லீவ்' என்று வைத்தார்.

அகராதி பார்க்கத் தேவையில்லாத வார்த்தை. கிளம்பு. விட்டுப் போ.

எழுந்து போய் ஷெரினைப் போனில் கூப்பிட்டு, "ஏட்டி, உங்கப்பா சரின்னுட்டாக" என்றேன். அக்டோபர் இருபத்தாறாம் தேதி சனிக்கிழமை காரோடு வருகிறாள்.

அக்டோபர் 5, சனி

மூலையில் துணி அடுக்கிய பெட்டி இருந்ததைப் பார்த்துவிட்டு ஃபரீதா கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். சீத்தாப்பழம், வேட்டி, சமமான நாள், கடைசியில் லீவ். பெருமையாகத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியளே?"

"சொல்லு."

"அன்னைக்கி நீங்க அள்ளிக் குடுத்தது என்னென்ன எழுத்துன்னு ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? எடுத்துக் கொடுத்தேன். அவள் அவற்றைக் கலைத்து இவர் முன்னால் வைத்தாள். இவர் வைத்தார், லீவ். அவள் ஒரு எஸ் கட்டையைச் சேர்த்தாள். இவர் லீவ்ஸ் என்று வைத்தார், இலைகள். எஸ்ஸை எடுத்துவிட்டு ஒரு ஸியைப் போட்டாள். க்ளீவ் என்று வைத்தார். பிளப்பது என்று அகராதியில் இருக்கிறது. கலைத்துக் கலைத்துப் போட்டாள். நொடியில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"குடுத்த எழுத்துல என்ன வருமோ அத வைக்காவக்கா. அந்தச் சீத்தாப்பழ வார்த்த இருக்கே, அதுல உயிரெழுத்து நெறைய வருதுன்னு நாங்க எல்லாருமே மனப்பாடம் பண்ணி வச்சிருக்கதுதான். க்யூவும் எக்ஸும் குடுத்தா கழகத்துல எல்லாருமே ஈக்வினாக்ஸ்தான் வைப்போம். எங்க யாருக்கும் அர்த்தம் தெரியாது. நாங்க அர்த்தமே பாக்க மாட்டோம். அகராதியில இருக்கா, செல்லும். இல்லையா, செல்லாது. சார்ட்ட நான் ஒரு நாள் அர்த்தம் கேட்டேன். 'அதத் தெரிஞ்சு என்னம்மா செய்யப் போற'ன்னாவ."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்தக் கழகத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும்.

"அப்போ இவர் எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல?"

ஃபரீதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

மாத்திரை கொடுத்தேன். கஞ்சி குடித்தார். ஆராதனைக்குப் போகவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

மாத்திரை கொடுத்தேன். கஞ்சி குடித்தார்.

அக்டோபர் 11, வெள்ளி

மழை. துணி காயவில்லை. இவருடைய விரிப்புகளை வீடு முழுக்கக் கொடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

கட்டைப் பையை அலமாரியில் ஏற்றி வைத்து நாலைந்து நாளாகிறது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் இவர் விடுவதாக இல்லை. காலைக் கஞ்சி முடிந்ததும் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்ட ஆரம்பித்துவிடுகிறார். டக் டக் டக் என்று மத்தியானம் வரைக்கும். கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி வாங்க, இன்னைக்கி ஆடியே தீத்துருவோம்" என்று பெரிய பலகையையே எடுத்து மடிமேசையில் போட்டேன்.

வலது பக்கம் உட்கார்ந்தால் நான் இருப்பதே தெரியாதே. அதனால் கட்டிலில் இவருக்கு இடது பக்கம் ஒட்டி உட்கார்ந்தேன். ஆளுக்கு ஏழு கட்டை, அதை நிறுத்தி வைக்க ஆளுக்கொரு தாங்கி. என் இங்கிலீஷ் தையல் இங்கிலீஷ். 'ஹெம்' வைத்தேன், 'டக்' வைத்தேன், 'பின்' வைத்தேன். இவர் நான் கண்டும் கேட்டும் இராத வார்த்தைகளாக இறக்கி என்னைத் தரைமட்டமாக்கினார்.

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடியது இதுதான் முதல் தடவை. இப்போதும் இவருக்கு யாரோ ஒரு ஆளோடு ஆடுவதாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

அக்டோபர் 14, திங்கள்

ஆடினோம். தோற்றேன். கேஸ் வந்தது.

அக்டோபர் 17, வியாழன்

நான் ஜெயித்துவிட்டேன்.

பயமாக இருக்கிறது. கணக்குத் தப்பா என்று இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். தப்பில்லை. நேற்றே எனக்கும் இவருக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம். இன்று நான் மேலே. எனக்கு ஆட்டம் வந்துவிட்டது என்று நினைக்க நான் என்ன முட்டாளா? இவர்தான் சரிந்துகொண்டிருக்கிறார். மிச்சமிருந்த அந்த ஒரு அறையும் பூட்டிக்கொள்கிறது.

முகத்தைப் பார்த்தேன், கோணல் கூடவில்லை. இடது கையைப் பிடிக்கச் சொன்னேன், பிடி பழையபடிதான். டாக்டர் ஊரில் இல்லை. ஃபரீதாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். சனிக்கிழமை மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வருகிறேன் என்றாள். பலகையைக் கலைக்க மனமில்லை. தாங்கிகளோடு அப்படியே தூக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு துண்டால் மூடி வைத்தேன். இனி ஒரு ஆட்டம் இருக்குமோ இருக்காதோ.

அக்டோபர் 19, சனி

ஃபரீதா அவளுடைய பலகையையே கொண்டுவந்தாள். முதலில் அவளே ஆடினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இவர் அவளை அடித்த அடியில் அவள் பாதியிலேயே கையைத் தூக்கிவிட்டாள்.

"ஒரு கொறையும் இல்லக்கா. முன்னைவிட மோசமாத்தான் ஆடுதாவ, மோசம்னா என்னைய மாதிரி ஆளுக்கு" என்று சிரித்தாள். "நீங்க எப்படி ஜெயிச்சிய?"

துண்டை எடுத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். பலகையின் ஓரங்களில் சிவப்புக் கட்டங்கள் உண்டு. வார்த்தை அதில் போய் விழுந்தால் மதிப்பு மூன்று மடங்கு. கீழ் மூலைச் சிவப்புக் கட்டத்தில் என்னுடைய 'பட்டன்' முடிந்திருந்தது. அதில்தான் நான் ஜெயித்தேன்.

"பட்டனுக்கு முன்னால சார் என்ன வச்சாவ?"

"இந்தா, 'காப்'. மூணு எழுத்து. சோளக்கதிராம்."

"அதோட பியில இருந்துதான் நீங்க பட்டன எறக்கினிய." அவள் இவருடைய தாங்கியில் மிச்சமிருந்த கட்டைகளைப் பார்த்தாள். "இசட் அப்பமே கையில இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஆட்டத்துப் பாதியில இருந்தே இசட்ட வச்சிக்கிட்டுத்தான் இருந்தாக. வைக்கத் தெரியலையோன்னுதான் எனக்குப் பயம் வந்துச்சு."

அவள் விரலால் கட்டங்களை எண்ணிப் பார்த்தாள். பிறகு மூலையைத் தொட்டுக் காட்டினாள். "அக்கா, அந்த இசட்டோட இங்க எறங்கியிருந்தா சார் எழுபது எடுத்திருப்பாவ. இத ஒரு கத்துக்குட்டிகூடப் பாத்துரும். சார் பாக்காம இருப்பாவளா? அத விட்டுட்டு, ஒண்ணுக்கும் ஒதவாத இந்த மூணு எழுத்த வச்சு, மூலைக்குப் போற வழியத் தொறந்து விட்டுருக்காவ. அதுவும் பி. உங்க கையில இருந்த எழுத்துக்கு என்ன வேணுமோ அதே எழுத்து." இன்னும் இரண்டு இடங்களைக் காட்டினாள். அங்கேயும் அப்படித்தான். "நீங்க ஒட்டி உக்காந்திருக்கிய. ஒங்க தாங்கி சார் கண்ணுக்கு நேரா இருக்கு. அதப் பாத்துட்டு வச்சிருக்காவ."

"எனக்காகவா?"

"பன்னெண்டு வருசமா சார்கூட ஆடுதேன்க்கா. எனக்கு ஒரு மூலையத் தொறந்துவிட்டதே கெடையாது. கைப்பிள்ளையோட வந்து உக்காந்தப்பக்கூட விட்டதில்ல. சாருக்கு அது வராது. இப்பங்கூட என்னைய எப்படி அடிச்சாவன்னு பாத்தியல்லா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முன்னறையில் இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வார்த்தை வார்த்தையாக அகராதியில் தேடினேனே, அங்கே ஒன்றும் இல்லை. வார்த்தைக்குப் பக்கத்தில் காலியாக விட்ட இடத்தில் இருந்திருக்கிறது, நான் பார்க்காத இடத்தில்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். ஒரு பாட்டும் காதில் விழவில்லை.

சீத்தாப்பழத்தில் ஒரு தடவை ஏமாந்தவள் நான். ஃபரீதா இரக்கத்தில் சொன்னாளோ? தற்செயலாக அமைந்ததோ? மறுபடி நம்பிவிட்டு மறுபடி இல்லை என்று ஆனால் தாங்க மாட்டேன். ஷெரினிடம் போனில் சொன்னேன். "ம்மா, போன தடவ லீவுன்னு சொன்னாவன்னிய. இப்ப மூலையத் தொறந்துவிடுதாவங்கிய. சனிக்கிழம வாரேன், ரெடியா இருங்க" என்றாள். எரிச்சல் இல்லை அவள் குரலில். அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற குரல்.

அக்டோபர் 26, சனி

ஷெரின் காலையில் வந்துவிட்டாள். கட்டில் பக்கத்தில் நின்று, "அப்பாவுக்கு எத்தன சட்ட எடுத்து வச்சிருக்கிய? டயப்பர் அங்க குடுப்பாவ, வேண்டாம்" என்று இவர் தலைக்கு மேலே என்னிடம் பேசிக்கொண்டே போனாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன நாள் முதல் டாக்டர், நர்ஸ், பார்க்க வந்த சொந்தக்காரர்கள், எல்லோரும் இவர் தலைக்கு மேலேதான் பேசுகிறார்கள்.

"ஒரு ஆட்டம் மட்டும் ஆடிக்கிடுதேன், ஷெரின். அப்புறம் நீ சொல்லுதபடி" என்றேன்.

உதட்டைக் கடித்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டிரைவர் வெளியே காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இவருக்கு இடது பக்கம் வழக்கம்போல ஒட்டி உட்கார்ந்தேன். இரண்டு மூன்று வார்த்தை வைத்தோம். அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். என் தாங்கியை என் பக்கம் இழுத்து, எதிர்ப்புறம் திருப்பி, முந்தானையை அதன் மேல் போட்டு மூடிக்கொண்டேன். பிறகு இவர் முறைக்குக் காத்திருந்தேன்.

இவர் வைக்கவில்லை.

தன் கட்டைகளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். கை பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது. எப்போதும் நொடியில் வைக்கிறவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"போதும்மா" என்றாள் ஷெரின் மெதுவாக. "அப்பாவுக்கு மறந்துபோச்சு. பாவம், விடுங்க."

விட்டுவிடலாம் என்றுதான் நானும் கையைத் தூக்கினேன். அப்போது இவருடைய இடது கை தன் தாங்கியை விட்டுவிட்டு என் பக்கம் வந்தது. முந்தானை நுனியை இரண்டு விரலால் பிடித்து விலக்கியது. என் தாங்கியின் ஓரத்தில் விரலை மாட்டி, மெதுவாக, ஒரு கட்டையும் சாயாமல், தன் பக்கம் திருப்பிக்கொண்டது. கண் என் எழுத்துகள் மேல் ஒவ்வொன்றாகப் போயிற்று. ஏழையும் பார்த்தார். திருப்தியாகத் தாங்கியை என் முன்னால் தள்ளி வைத்தார். பிறகு தன்னுடையதிலிருந்து இரண்டே இரண்டு கட்டையை எடுத்து, மேல் சிவப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில், எனக்கு வழிவிட்டு வைத்தார்.

ஷெரின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"யப்பா! என்னப்பா செய்யுதிய? அம்மா கட்டையப் பாத்துட்டா வைக்கிய? இது கள்ளாட்டம்ப்பா!"

இவரிடம் சொன்னாள். என்னிடம் இல்லை, இவர் தலைக்கு மேலே இல்லை, இவர் முகத்தைப் பார்த்து, சண்டைக்கு நிற்பதுபோல இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். சொன்ன பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இவருடைய அசையாத கையைப் பிடித்துக்கொண்டு, "யப்பா, யப்பா" என்று அழுதாள். இவர் அவளைப் பார்க்கவில்லை, அது வலது பக்கம். ஆனால் வாயின் இடது ஓரம் மேலே ஏறியிருந்தது.

எனக்குக் கண் தெரியவில்லை. இதற்கு எந்தப் பழத்தின் பாலையும் சாக்குச் சொல்ல மாட்டேன். நான் அழுதேன். என் தாங்கியில் என்ன எழுத்து இருக்கிறது என்று ஷெரின்தான் படித்துச் சொன்னாள். அவள்தான் என் வார்த்தையைச் சிவப்புக் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள். எவ்வளவு வந்தது என்று கூட்ட எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. வெளியே டிரைவர் இரண்டு தடவை ஹார்ன் அடித்தான்.

இவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அடுத்த கட்டைகளை எடுக்கச் சொல்லிப் பையை என் பக்கம் தள்ளிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.